டீசல் வானுக்குள் பெற்றோல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னிடம் கே.டி.எச். ரக டொயோட்டா ஹயஸ் வான் ஒன்று இருக்கிறது. காலையில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிறேன். வார இறுதியில் கல்யாண வீடு, கோயில் என்று ஓட்டம் வரும். சென்ற வாரம் எரிபொருள் நிரப்பு நிலையம் ஒன்றில் டீசல் என்று சொல்லியும் ஊழியர் பெற்றோலை அடித்துவிட்டார். 12 லீற்றர் இறங்கிய பின்னரே கண்டுகொண்டேன். தாங்கியில் ஏற்கெனவே காற்பங்கு டீசல் இருந்தது. அங்கே நின்றவர்கள், "மிச்சத்துக்கு டீசலை நிரப்பி, அரைப் போத்தல் டூ ரி எண்ணெய் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான மசகெண்ணெய்) விட்டு ஓடுங்கோ, ஒன்றும் செய்யாது" என்றார்கள். அப்படியே செய்தேன். இப்போது காலையில் ஸ்டார்ட் வர நேரம் எடுக்கிறது. வான் நிற்கும்போது தட்டுகின்ற சத்தமும் கேட்கிறது. ஒரு கராஜில் நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டன என்கிறார்கள். இன்னொன்றில் ஒன்றுமேயில்லை என்கிறார்கள். யாரை நம்புவது? செலவை நிரப்பு நிலையத்திடம் கேட்க முடியுமா?
– கொக்குவில் வாசகர்

பதில்: இரண்டு கராஜ்காரரும் அளந்து பார்க்காமல் சொல்லியிருந்தால் இருவரையும் நம்ப வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் தாங்கியில் இன்னும் கலப்பு எரிபொருள் கிடப்பதாலும் வரலாம். எரிபொருளை அமுக்கிக் கொடுக்கும் உயர் அழுத்தப் பம்போ, அதைச் சிலிண்டருக்குள் விசிறும் இன்ஜெக்டரோ தேய்ந்துபோனதாலும் வரலாம். முதலாவது காரணமென்றால் தாங்கியை வடித்துப் புதிய டீசல் விட்டதும் சத்தம் அடங்கிவிடும். இரண்டாவது என்றால் அடங்காது. ஆகவே முதலில் வடிப்பு, அடுத்து பரிசோதனை, அதற்குப் பிறகுதான் பாகம் மாற்றுவது பற்றிய பேச்சு. அதுவரை பிள்ளைகளை ஏற்றி ஓடாதீர்கள். நடுவழியில் எஞ்சின் நின்றுபோனால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் நின்றுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

தட்டல் எதனால் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டீசல் எஞ்சினில் பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் அமுக்கப்பட்டுச் சூடேறிய காற்றில் விசிறப்படும் டீசல் தானாகவே தீப்பற்றுகிறது. அது எவ்வளவு விரைவாகத் தீப்பற்றும் என்பதைக் காட்டுவது சீற்றேன் எண். ஐரோப்பிய நியமத்தின்படி டீசலுக்கு அது குறைந்தது 51 ஆக இருக்க வேண்டும். பெற்றோலோ அமுக்கத்தைத் தாங்கி, பொறி வரும்வரை எரியாமல் இருக்கும்படி தயாரிக்கப்படுவது. பம்பில் ஒக்டேன் 92 என்று எழுதியிருப்பது அந்தத் தாங்குதிறனைத்தான். இரண்டும் கலந்தால் தீப்பற்றுவது சற்றுப் பிந்தி, அதற்குள் விசிறப்பட்டதெல்லாம் ஒரே தடவையில் எரிந்து சிலிண்டரை அறைகிறது.

இந்த அறைச்சலால் எஞ்சின் ஒரு வாரத்தில் அழிந்துவிடாது. நான் அஞ்சுவது பம்பைப் பற்றி. உங்கள் வானில் இருப்பது கொமன் ரெயில் முறை: பம்ப் அமுக்கும் எரிபொருள் ரெயில் என்ற ஒரு பொதுக் குழாய்க்குப் போய், அங்கிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் பிரிகிறது. அதன் பம்ப் எரிபொருளைச் சுமார் 1,600 பார் வரை அமுக்குகிறது. வானின் ரயரில் நீங்கள் அடிக்கும் காற்று 3 பாருக்குச் சற்று முன்பின் என்பதோடு ஒப்பிட்டால் அதன் அளவு விளங்கும். இந்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் உள்ளே ஒன்றோடொன்று உராயும் பாகங்களுக்கிடையில் சில மைக்ரோமீற்றர் (ஒரு மைக்ரோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளிதான் உண்டு. அவற்றுக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. ஊடே ஓடும் டீசலே அவற்றின் மசகு. டீசல் இந்த வேலைக்குத் தகுதியா என்று பார்க்க, ஓர் உருக்குக் குண்டை உருக்குத் தகட்டின்மேல் டீசலுக்குள் வைத்துத் தேய்த்து, குண்டில் விழும் தேய்வுத் தழும்பை அளக்கும் சோதனையே இருக்கிறது. ஐரோப்பிய நியமம் அனுமதிப்பது 460 மைக்ரோமீற்றர்வரை மட்டும். பெற்றோல் கிறீஸ் கழுவப் பயன்படும் திரவம். அது இந்த மெல்லிய படலத்தைக் கழுவிக் கொண்டுபோக, உலோகம் உலோகத்தில் உராய்ந்து நுண்ணிய தூளாக உதிர்கிறது. அந்தத் தூள் ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் போய், மிச்சம் திரும்பும் குழாய் வழியாகத் தாங்கிக்கே வந்துசேர்கிறது.

உங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. டொல்பின் வான் என்று நாம் அழைத்த பழைய ஹயஸிலும் அக்காலத்து லொறிகளிலும் இருந்த இயந்திர முறைப் பம்புகள் மிகக் குறைந்த அழுத்தத்தில் வேலை செய்தவை. பழைய லொறிப் பம்புகள் பலவற்றின் அடிப்பகுதிக்கு எஞ்சின் எண்ணெயும் கிடைத்தது. குளிர்நாடுகளில் மாரியில் டீசல் மெழுகாக உறைவதைத் தடுக்கச் சிறிதளவு பெற்றோல் கலக்கலாம் என்று சில பழைய வாகனங்களின் கைநூல்களிலேயே எழுதியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் டீசல் உறையும் குளிர் ஒருநாளும் வந்ததில்லை என்பது வேறு கதை. இதற்கும் மேலாக, 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் ஏ 40ஐயும் ஓட்டிக் காட்டிய ஊர் இது. அந்தக் கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவை அமுக்க விகிதம் குறைந்த பெற்றோல் கார்கள். சூடேறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகி எரிந்தது. கெட்டுப்போக அங்கே உயர் அழுத்தப் பம்ப் எதுவும் இருக்கவில்லை. அந்த அனுபவத்தை வைத்துக் கொமன் ரெயில் வானுக்கு வைத்தியம் சொல்லக்கூடாது. உங்கள் தாங்கி 70 லீற்றர் கொள்வது என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய பிறகும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு பெற்றோலே. டூ ரி எண்ணெய் சற்று மசகைக் கூட்டியிருக்கலாம். தீப்பற்றும் தாமதத்தை அது மாற்றாது, எவ்வளவு விட்டால் போதும் என்பதும் ஊகமே.

இனிச் செய்ய வேண்டியது: தாங்கியை முழுமையாக வடித்து, குழாய்களைச் சுத்தமான டீசலால் கழுவி, பில்டரை மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பில்டரைக் குப்பையில் போட விடாதீர்கள். அதன் உறையை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை எடுத்து, ஒரு வெள்ளைத் தட்டின்மேல் விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக அழுக்குப் படிந்திருப்பது வழமை. மடிப்புகளுக்குள் வெள்ளித்தூள் தூவியதுபோல மினுங்கினால், பம்பில் உதிர்ந்தது தாங்கிவரை போய்ச் சுற்றி வந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது பம்பைக் கழற்றியே பார்க்க வேண்டும். இன்ஜெக்டர்களை மட்டும் புதிதாகப் போட்டால் அதே தூள் புதியவற்றையும் அரித்துவிடும். நான்கு இன்ஜெக்டர் வாங்கிப் போட்டு, இரண்டே மாதத்தில் மறுபடி கராஜ் வாசலில் நிற்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

மினுக்கம் இல்லையென்றால் புதிய பில்டரைப் பூட்டி, பில்டரின் தலையில் இருக்கும் கைப்பம்பை அது இறுகும்வரை அமுக்கிக் காற்றை வெளியேற்றிய பின் ஸ்டார்ட் செய்து, வாகனத்தின் கணினியைப் படிக்கும் ஸ்கானர் வைத்திருக்கும் ஒருவரிடம் இரண்டு விடயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, எஞ்சின் கேட்கும் ரெயில் அழுத்தமும் உண்மையில் கிடைக்கும் அழுத்தமும் ஒத்துப்போகின்றனவா என்பது. மற்றது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி செய்கின்ற எரிபொருள் திருத்தம். நான்கில் ஒன்று மாத்திரம் மற்றவற்றிலிருந்து விலகி நின்றால் அந்த இன்ஜெக்டரையே சந்தேகிக்க வேண்டும். ஸ்கானர் இல்லாத இடங்களில் திரும்பும் எரிபொருளை அளப்பார்கள்: ஒரே அளவான நான்கு சிறு போத்தல்களை வரிசையாகக் கட்டி, ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் ஒரு மெல்லிய ரியூப்பை ஒவ்வொரு போத்தலுக்குள் விட்டு, சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிட்டால், தேய்ந்த இன்ஜெக்டரின் போத்தல் மற்றவற்றை முந்தி நிரம்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மொடலைப் பொறுத்து ரியூப் பூட்டும் இடம் மாறும். இந்தப் பரிசோதனைகளில் எதையும் செய்யாமல் "நான்கும் போய்விட்டது" என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். இன்ஜெக்டர் மாற்றத்தான் வேண்டுமென்றால், பல மொடல்களில் அதன் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டைக் கணினியில் பதிய வேண்டும் என்பதையும் மெக்கானிக்குக்கு நினைவூட்டுங்கள்.

நிரப்பு நிலையத்திடம் செலவு கேட்பதைப் பற்றி: பற்றுச்சீட்டில் எந்த எரிபொருள் என்று எழுதியிருக்கிறது என்பதே முதல் சான்று. வடிக்கும்போது ஒரு கண்ணாடிப் போத்தலில் மாதிரி எடுத்து, திகதியும் வாகன இலக்கமும் எழுதி, சாட்சியாக மெக்கானிக்கின் ஒப்பத்தையும் வாங்கி வையுங்கள். முதலில் நிலைய உரிமையாளருக்கு எழுத்து மூலம் அறிவியுங்கள். சரிவராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கும் போகலாம், நீதிமன்றத்தை விட அங்கே செலவும் அலைச்சலும் குறைவு. ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெற்றோல் என்று தெரிந்த பிறகு நீங்களே ஸ்டார்ட் செய்து ஒரு வாரம் ஓடியிருக்கிறீர்கள். வடிப்புக்கும் பில்டருக்கும் ஆன செலவைக் கேட்பதில் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் கேட்டால் எதிர்த்தரப்பு அந்த ஒரு வாரத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். காப்புறுதியிலும் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். வாகனக் காப்புறுதிகள் இயந்திரக் கோளாறை வழமையாக விலக்கியே வைக்கின்றன.

கேள்வி: எனது தம்பியின் புதிய டபுள் கப் வாகனத்துக்கு 2 லீற்றர் பெற்றோல் இறங்கியதும் கண்டு நிறுத்திவிட்டோம். பின்னால் வரிசை நின்றதால், "ஸ்டார்ட் பண்ணி அரக்கி விடுங்கோ" என்று எல்லோரும் சத்தம் போட்டார்கள். நாங்கள் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக விட்டோம். 2 லீற்றர்தானே, அதற்கும் வடிக்கத்தான் வேண்டுமா?
– நல்லூர் வாசகி

பதில்: தள்ளியது மிகச் சரியான செயல். பின்னால் நிற்பவர்களின் ஹோர்ன் சத்தத்துக்குப் பயந்து திறப்பைத் திருப்புகிறவர்களே பின்னர் பெரிய செலவுக்கு ஆளாகிறார்கள். தாங்கிக்குள் கிடக்கும்வரை பெற்றோல் எதையும் கெடுப்பதில்லை. பம்ப் சுழன்று அதை முன்னால் இழுத்த பின்புதான் கெடுக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாவிட்டாலும், திறப்பைத் திருப்பியதுமே தாங்கிக்குள் இருக்கும் மின்பம்ப் ஓடத் தொடங்கும் வாகனங்கள் இருக்கின்றன. ஆகவே வானொலி கேட்பதற்காகக்கூடத் திறப்பைத் தொடக்கூடாது. கியரை நியூற்றலில் போட்டு, கைப்பிரேக்கை விடுவித்துத் தள்ள வேண்டும். திறப்பைத் திருப்பினால்தான் கியர் விடுபடும் என்ற நிலை ஓட்டோ கியர் வாகனங்களில் வரும். அப்படியானால் அந்த வாகனத்தின் கைநூலில் கியரைக் கையால் விடுவிக்கும் வழி சொல்லியிருக்கும்.

2 லீற்றருக்கு வடிக்க வேண்டுமா என்றால், வடிக்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். நிறைந்த தாங்கியில் அது சிறு பங்குதான், ஓடினாலும் ஓடும். ஆனாலும் வடிப்புக் கூலியையும் ஒரு பில்டரின் விலையையும் ஒரு பக்கத்திலும், புதிய வாகனத்தின் பம்பையும் உத்தரவாதத்தையும் மறுபக்கத்திலும் வைத்துப் பார்த்தால் இங்கே சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை. உத்தரவாதக் காலத்தில் இருப்பதால் முகவர் நிறுவனத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

வடிப்பதில்தான் நம்மவர் அலட்சியமாக இருக்கிறார்கள். டீசலின் ஆவி தீப்பற்றச் சுமார் 55 பாகைக்கு மேல் சூடு வேண்டும். பெற்றோலின் ஆவி சுமார் மைனஸ் 40 பாகையிலேயே தீப்பற்றும். சிறிதளவு பெற்றோல் கலந்தாலும் முழுக் கலவையையும் பெற்றோல் என்றே கருதிக் கையாள வேண்டும். ஆவி காற்றைவிடப் பாரமானது. கராஜில் வாகனத்தின் கீழே நின்று வேலை செய்ய வெட்டியிருக்கும் குழிக்குள் அது இறங்கித் தேங்கும். அந்தக் குழிக்குள் வயர் இழுத்து மின்குமிழைத் தொங்கவிட்டுக்கொண்டு வடிப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. திறந்த வெளியில், பற்றரியைக் கழற்றிவிட்டு வடிக்கச் சொல்லுங்கள். ரியூப்பை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தையும் அனுமதிக்காதீர்கள். ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியாவில் முடியும். வடித்ததைக் கானிலோ வளவு மூலையிலோ ஊற்றக்கூடாது. சுண்ணாம்புக்கல்லின்மேல் குடியிருந்து கிணற்று நீரைக் குடிக்கும் நமக்கு, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது பட்ட பாடு மறந்திருக்காது. மூடியுள்ள உலோகக் கலனில் அடைத்து, கழிவெண்ணெய் சேகரிப்பவரிடம் பெற்றோல் கலந்தது என்று சொல்லியே ஒப்படையுங்கள்.

கேள்வி: தோட்டத்துக்கு இறைக்கும் மண்ணெண்ணெய் மெசினும், டீசலில் ஓடும் லான்ட்மாஸ்ரரும் (இரு சக்கர உழவு இயந்திரம்) வைத்திருக்கிறோம். கலன்கள் மாறுபட்டு, மகன் லான்ட்மாஸ்ரருக்கு மண்ணெண்ணெயை ஊற்றி ஒரு பொழுது உழுதுவிட்டார். எஞ்சின் பழுதாகிவிடுமா?
– புன்னாலைக்கட்டுவன் வாசகர்

பதில்: ஐயா, ஒரு பொழுது உழுததால் பழுதாகிவிடாது. மண்ணெண்ணெய் டீசலுக்குக் கிட்டிய உறவு. அமுக்கத்தில் தானாகத் தீப்பற்றக்கூடியது. அதன் மசகுத்தன்மை குறைவு என்பதே குறை. லான்ட்மாஸ்ரரின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் இருக்கும் பம்ப் எளிமையானது, இதைப் பொறுத்துக்கொள்ளும். தாங்கியை வடித்து டீசல் விட்டு, பில்டரை மாற்றி, காற்று எடுக்கும் ஆணியை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். முதலில் குமிழ் குமிழாக வந்து, பிறகு குமிழில்லாத டீசல் வழியும்போது ஆணியை இறுக்கிவிட்டு ஹான்டிலைச் சுற்றுங்கள். விலை மலிவு என்று இதையே வழக்கமாக்கினால் பம்பும் இன்ஜெக்டரும் நாளடைவில் தேயும். இறைக்கும் மெசினை ஸ்டார்ட் எடுக்க வைத்திருக்கும் பெற்றோல் மாறி லான்ட்மாஸ்ரருக்குள் போனால் அது இதைவிட மோசம். உடனே நிறுத்தி வடியுங்கள். மூன்று எரிபொருள் புழங்கும் வீட்டில் மூன்று நிறக் கலன்களை வைத்திருப்பது நல்லது. குளிர்பானப் போத்தல்களில் எதையும் ஊற்றி வைக்க வேண்டாம், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

கேள்வி: மறுபக்கமாக, மோட்டார் சைக்கிளுக்கு டீசல் அடித்துவிட்டால் என்ன ஆகும்?
– நெல்லியடி வாசகர்

பதில்: கொஞ்சத் தூரம் ஓடி, புகை கக்கி, பிளக் நனைந்து நின்றுவிடும்; அநேகமாக அதற்கு மேல் கெடுதல் இல்லை. தாங்கியையும் காபரேற்றரின் கிண்ணத்தையும் வடித்து, பிளக்கைத் துடைத்தோ மாற்றியோ பூட்டினால் போதும். நின்ற பிறகும் பல தடவை உதைத்துப் பார்த்திருந்தால் எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் கலந்திருக்கும், எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். கார்களில் இந்தத் தவறு அரிது. டீசல் பம்பின் முனை பொதுவாகப் பருமனாக இருப்பதால் ஈயமற்ற பெற்றோலுக்கென அமைந்த ஒடுங்கிய வாய்க்குள் அது நுழையாது. பெற்றோல் முனையோ டீசல் தாங்கியின் அகன்ற வாய்க்குள் தடையின்றி நுழைந்துவிடும். கொக்குவில் வாசகருக்கு நேர்ந்தது அடிக்கடி நேர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கார்த்திகை மழையில் டீசல் நிரப்பிக்கொண்டு புறப்பட்ட எங்கள் வான் 2 கிலோமீற்றர் போவதற்குள் நின்றுவிட்டது. பெற்றோலைக் கலந்துவிட்டார்கள் என்று சாரதி சொல்கிறார். கராஜுக்குக் கொண்டுபோகுமுன் நாங்களே அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
– வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: உண்டு. மழைக்காலம் என்பதால் நான் பெற்றோலுக்கு முன் தண்ணீரையே சந்தேகிப்பேன். டாஷ்போர்டில் பில்டரில் நீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்ததா என்று சாரதியிடம் கேளுங்கள். பில்டரின் அடியில் உள்ள வடிப்பு ஆணியைத் திறந்து, ஒரு தெளிவான கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் பிடித்து, அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் டீசலைவிடப் பாரமானது. அடியில் தனியாகத் தங்கி, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். பெற்றோல் டீசலோடு முற்றாகக் கலந்துவிடுவதால் எவ்வளவு நேரம் வைத்தாலும் கோடு தெரியாது. கோடு இல்லையென்றால், நெருப்பு எதுவும் அருகில் இல்லாத இடத்தில், வெள்ளைத் தாளில் அந்த எரிபொருளில் ஒரு துளியும், பக்கத்தில் நல்ல டீசலில் ஒரு துளியும் விட்டு உலர விடுங்கள். நல்ல டீசல் எண்ணெய்க் கறையாக நிலைத்து நிற்கும். பெற்றோல் அதிகம் கலந்திருந்தால் மற்றத் துளி விரைவில் சுருங்கி, மெல்லிய கறையையே விடும். மணத்திலும் வேறுபாடு தெரியும். சிறிதளவு கலப்பை இந்த முறையால் பிடிக்க முடியாது. தண்ணீர் என்று தெரிந்தாலும் வடிப்பும் புதிய பில்டரும் அவசியமே. அதே பம்பும் அதே இன்ஜெக்டரும் துருப்பிடிப்பதற்கு அதிக நாள் எடுக்காது. அந்தப் போத்தலைக் கழுவிவிடாமல் நிரப்பு நிலையத்துக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். அன்று அங்கே நிரப்பிய மற்ற வாகனங்களுக்கும் அது உதவும்.